வழி சொல்லாத படங்கள்

நெடும்பயணம் போய் வந்தவர் வீட்டுக்கு நாம் போனால் முதலில் தேநீர் வரும். அதன் பின்னர் அல்பம் வரும். இது நம்மூர் வழக்கம் மட்டுமன்று, உலகெங்கும் உள்ள வழக்கந்தான். பார்த்து வந்ததைப் பாராதவருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை பயணத்தோடு கூடப் பிறந்தது. புகைப்படக் கருவி அந்த ஆசைக்கு ஒரு வாய்க்காலை வெட்டிக் கொடுத்தது. மோட்டார் வாகனம் அதில் வெள்ளத்தைப் பாய்ச்சியது. இவை இரண்டும் ஒன்று சேர்ந்த அமெரிக்க நாட்டின் கதையை இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அதற்கு முன் நம்முடைய பழைய இலக்கியத்தில் சற்றே தரித்துப் போகலாம். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். திருமுருகாற்றுப்படையை ஒரு புறம் வைத்துவிட்டால், ஏனைய நான்கிலும் அமைப்பு ஒன்றுதான். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்றுத் திரும்புகின்ற கலைஞன், வறுமையோடு எதிரே வருகின்ற இன்னொரு கலைஞனைக் கண்டு, தான் போய் வந்த வழியைச் சொல்கிறான். அவன் தன் பெருமையை மட்டும் பேசி நின்றுவிடுவதில்லை. எந்த ஊரில் யார் சோறு தருவார்கள், என்ன கறியோடு தருவார்கள் என்றெல்லாம் சொல்கிறான். மலைபடுகடாத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனங் காப்போர் வீசும் கவண்கல் எத்திசையில் வரும், பாசி படர்ந்து வழுக்கும் பாறையில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கிறான். போய் வந்தவன் போகப்போகின்றவனுக்குப் பட்ட கடன் இது என்று நம் முன்னோர் கருதியிருக்க வேண்டும். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு அமெரிக்க வீதிக்கு வருவோம்.

1888ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் தம்முடைய முதலாவது கொடாக் கமெராவை 25 டொலருக்கு விற்கத் தொடங்கினார். நூறு படங்களுக்கான பிலிம் சுருள் அதற்குள்ளேயே இருந்தது. எடுத்து முடிந்ததும் கமெராவையே கம்பனிக்கு அனுப்பிவிட வேண்டும். படங்களைக் கழுவி, புதிய சுருளையும் இட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குப் பத்து டொலர். 1900இல் ஒரு டொலருக்கு பிறௌனி என்ற கமெரா வந்தது. படம்பிடித்தல் பணக்காரரின் கலை என்ற நிலை அத்தோடு போயிற்று.

மூன்றே ஆண்டுகளில் முதலாவது நெடும்பயணம் நடந்தது. வெர்மொண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஹொரேஷியோ நெல்சன் ஜக்சன் என்ற 31 வயது மருத்துவர், சான்பிரான்சிஸ்கோ நகரக் கழகமொன்றில் 50 டொலருக்குப் பந்தயம் கட்டினார். மோட்டார் வாகனத்தில் மூன்று மாதங்களுக்குள் நியூயோர்க் போய்ச் சேர்வதாகப் பந்தயம். 1903 மே 23ஆம் திகதி இருபது குதிரைவலுக் கொண்ட வின்டன் காரில் சுவல் குரொக்கர் என்ற இயந்திரவியலாளரோடு புறப்பட்டார். கமெராவும் கூடப் போயிற்று. அக்காலத்து அமெரிக்காவில் நகரங்களுக்கு வெளியே செப்பனிட்ட வீதிகள் அனேகமாக இல்லை. மாட்டு வண்டித் தடங்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் கார் ஓடிற்று. புதைந்தபோது கயிறு கட்டி இழுக்கப்பட்டது. ஐடஹோவில் பட் என்ற நாயொன்றும் பயணத்தில் சேர்ந்துகொண்டது. புழுதி கண்ணில் விழாதிருக்க அதற்கும் ஒரு மூக்குக்கண்ணாடி மாட்டி எடுத்த படம் இன்றும் புகழ்பெற்றது. 63 நாட்களின் பின் ஜூலை 26ஆம் திகதி நியூயோர்க் போய்ச் சேர்ந்தார்கள். செலவு எண்ணாயிரம் டொலர் வரை ஆயிற்று என்பர். பந்தயப் பணமாகிய ஐம்பது டொலரை அவர் வாங்கவேயில்லை!

இப்பயணத்தில் எனக்குப் பிடித்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. கலிபோர்னியாவில் குதிரைமேல் வந்த பெண்ணொருத்தியிடம் வழி கேட்டார்கள். அவள் காட்டிய பாதை ஐம்பது மைலுக்கு மேல் போய், ஒரு பண்ணை வீட்டு வாசலோடு முடிந்துவிட்டது. வீட்டார் வெளியே வந்து வியப்போடு பார்த்து நின்றார்கள். திரும்பி வந்து அவளிடமே காரணம் கேட்டபோது, தன் தாய் தந்தையரும் கணவரும் மோட்டார் காரைப் பார்த்ததில்லை என்றும், அவர்கள் பார்க்கட்டுமென்றே அனுப்பியதாகவும் சொன்னாளாம். அந்தப் பண்ணை வீட்டுக்குப் படம் போகவில்லை. படத்துக்குரிய பொருளே நேரில் போயிற்று.

1920களில் கார் சாதாரண குடும்பங்களின் கைக்கு வந்துவிட்டது. கொடாக் கம்பனியார் இதனைக் கண்டு கொண்டனர். முன்னே ஓர் அழகிய காட்சி வருகிறது, கமெராவை எடுங்கள் என்று அறிவிக்கும் பலகைகளை வீதியோரங்களில் நாட்டினர். எதைப் பார்க்க வேண்டும், எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதைக் கம்பனியே சொல்லிக் கொடுத்தது. ஆயிரம் வீடுகளில் ஆயிரம் அல்பங்கள் இருந்தாலும் அவற்றில் ஒரே மலையும் ஒரே அருவியும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வர்ணம் வந்தது 1935இல். லியோபோல்ட் கொடொவ்ஸ்கி, லியோபோல்ட் மான்ஸ் என்ற இரு சங்கீதக்காரர்கள் கொடாக்குரோம் பிலிமை உருவாக்கினார்கள். ஒருவர் வயலின் கலைஞர், மற்றவர் பியானோ கலைஞர். மறு ஆண்டில் சாதாரண கமெராக்களுக்கும் அது கிடைத்தது. இதிலிருந்து பிறந்ததுதான் ஸ்லைட் என்னும் சிறு கண்ணாடிச் சாளரம் போன்ற படம். 1956இல் நாடளாவிய பெருந்தெருக்களுக்கான சட்டம் நிறைவேறியது. 41,000 மைல் நீள வீதி திட்டமிடப்பட்டது. 1961இல் எண்பது ஸ்லைட்டுகளை வட்டத்தட்டில் அடுக்கி ஒவ்வொன்றாக விழுத்தும் கரூசல் என்ற கருவி கடைகளுக்கு வந்தது. விடுமுறை முடிந்ததும் அயலவரை அழைத்து, விளக்கை அணைத்து, சுவரில் படம் காட்டும் இரவுகள் அந்நாட்டில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டன. அழைப்புக்குப் பயந்து ஒளிந்தவர்களும் உண்டு என்று நகைச்சுவைக்காரர் சொல்வர். நியூயோர்க் கிராண்ட் சென்ட்ரல் புகையிரத நிலையத்தில் 1950 முதல் 1990 வரை கொடாக் கம்பனி 60 அடி நீளமும் 18 அடி உயரமுங் கொண்ட வர்ணப்படங்களை மாற்றி மாற்றி வைத்தது. மொத்தம் 565 படங்கள். மலையடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் படம் எடுக்கும் குடும்பங்கள் அவற்றில் அடிக்கடி வரும். நெடுங்காலம் அவற்றில் தோன்றியவர்கள் அனேகமாக வெள்ளையர்களே.

எனக்கும் இப்படியொரு ஸ்லைட் இரவின் அனுபவம் உண்டு. இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய உறவினர் ஒருவர், நண்பர்களோடு பழைய கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றிய படங்களை எங்கள் வீட்டு விறாந்தையில் வெள்ளை வேட்டி கட்டிக் காட்டினார். பனிமலை, பாலம், கோபுரம், காரின் முன்னால் அவர். எல்லாம் அழகு. எங்கள் ஆச்சி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அது சரி தம்பி, ராத்திரியில எங்க படுத்தனீங்கள்? ஆர் சாப்பாடு தந்தவை?" அவர் சிரித்துவிட்டு அடுத்த படத்தைத் தள்ளினார். அதற்குப் படம் இருக்கவில்லை.

ஆச்சியின் கேள்வியை நாட்டின் ஒரு பகுதி மக்கள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அமெரிக்காவில் இருந்தது. கறுப்பினக் குடும்பமொன்று காரை வாங்கலாம், பெற்றோல் நிரப்பலாம். ஆனால் இரவு வந்தால் எந்த விடுதி கதவு திறக்கும், எந்தச் சாப்பாட்டுக் கடை உணவு பரிமாறும், எந்தப் பெற்றோல் நிலையத்தில் பிள்ளைகள் மலசலகூடத்துக்குப் போக விடுவார்கள் என்பது தெரியாது. சூரியன் மறையுமுன் கறுப்பர் வெளியேறிவிட வேண்டும் என்றிருந்த ஊர்கள் தெற்கில் மட்டுமல்ல, வடக்கிலும் மேற்கிலும் இருந்தன. ஆகவே உணவுப் பெட்டி, போர்வை, மேலதிகப் பெற்றோல், சிறுநீர் கழிக்க ஒரு தகரப்பேணி என எல்லாவற்றையும் காரிலேயே ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். வீதி எல்லோருக்கும் ஒரே நீளமாக இருப்பதில்லை என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நியூயோர்க் ஹார்லெமில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிறீன் என்ற தபாற்காரர் 1936இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். கறுப்பின வாகனமோட்டிகளுக்கான பச்சைப் புத்தகம் என்பது அதன் பெயரின் பொருள். பச்சை என்பது அவருடைய பெயருந்தான். முதலில் நியூயோர்க் சுற்றுவட்டாரத்து விலாசங்கள். பின்னர் நாடு முழுவதும். தங்க இடந்தரும் விடுதி, உணவுக்கடை, முடிதிருத்தும் நிலையம், கார் திருத்துமிடம் ஆகியவற்றை மாநிலம் மாநிலமாக, ஊர் ஊராகக் கொடுத்தார். விடுதி இல்லாத ஊர்களில் விருந்தினரை ஏற்கும் தனியார் வீடுகளின் விலாசம் இருந்தது. கறுப்பர்களுக்கும் முகவர் உரிமை வழங்கிய எஸ்ஸோ பெற்றோல் நிலையங்களில் இந்நூல் விற்பனைக்கு வைக்கப்பட்டது.

இந்த விலாசங்கள் எப்படிச் சேர்ந்தன என்பதே நான் சொல்ல விரும்புவது. போய் வந்தவர்கள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் பயண அனுபவத்தை எழுதுங்கள் என்று கிறீன் வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட குறிப்புகளுக்குச் சிறு சன்மானமும் கொடுத்தார். ஒரு குடும்பம் பட்டறிந்ததை மறு ஆண்டு இன்னொரு குடும்பம் கையில் வைத்துக்கொண்டு போயிற்று. ஒரே வீதியில் ஓடிய இரு குடும்பங்களில் ஒன்று சுவரில் மலையைக் காட்டிக்கொண்டிருக்க, மற்றது தபாலட்டையில் ஒரு வீட்டு இலக்கத்தை எழுதிக்கொண்டிருந்தது. இரண்டும் பயணத்தைப் பகிர்தல்தான். ஆனால் பத்துப்பாட்டுப் பாணன் இவ்விருவரில் யாரைத் தன் இனத்தான் என்று கொள்வான்? எனக்கு ஐயமில்லை.

கறுப்பினக் குடும்பங்கள் படம் எடுக்கவில்லை என்பதன்று. எடுத்தார்கள். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்கக் கொடாக் கம்பனி ஆய்வுகூடங்களுக்கு ஒரு மாதிரிப்படம் அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அப்படத்துக்கு நின்றவரின் பெயரால் அதனை ஷேர்லி அட்டை என்றார்கள். அவருடைய தோல் நிறத்துக்குப் பொருந்தச் சரிசெய்யப்பட்ட படங்களில் கறுத்த முகங்கள் விபரமின்றி இருண்டு போயின. பல்லும் கண்ணுமே தெரிந்தன. இது திருந்தத் தொடங்கியதற்குக் காரணம் மக்களின் முறைப்பாடு அன்றாம். தங்கள் பண்டத்தின் கபிலநிறம் சரியாக விழவில்லை என்று சொக்கலேற் கம்பனிகளும் தளபாடக் கம்பனிகளும் 1970களில் குறை சொன்ன பிறகே பிலிம் திருத்தப்பட்டதாக அக்கம்பனியில் பணிபுரிந்தவர்களே பிற்காலத்தில் கூறியுள்ளனர். சொக்கலேற்றுக்கு இருந்த செல்வாக்கு மனிதருக்கு இருக்கவில்லை.

கிறீன் தம் நூலின் முன்னுரையில், இந்நூல் தேவைப்படாத நாள் ஒன்று வரும், அன்று இதை நிறுத்திவிடுவோம் என்று எழுதினார். அந்நாளைக் காணாமலே 1960இல் காலமானார். மனைவி அல்மா பணியைத் தொடர்ந்தார். 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்து, விடுதிக் கதவுகள் சட்டப்படி திறந்தன. 1966-67க்கான பதிப்போடு நூல் நின்றது. கதவுகள் திறந்ததும், அதுவரை அடைக்கலம் தந்த கறுப்பினத்தவர் விடுதிகள் வாடிக்கையாளரை இழந்து மூடப்பட்டன. பழைய பதிப்புகளை இன்று நியூயோர்க் பொது நூலகத்தார் கணினி வழியாக எவரும் பார்க்க வைத்திருக்கிறார்கள். கண்டசி டெய்லர் என்ற எழுத்தாளர் அவ்விலாசங்களில் ஆயிரக்கணக்கானவற்றைத் தேடி நாடெங்கும் கார் ஓட்டிப் படம் எடுத்து, 2020இல் ஒரு நூலும் வெளியிட்டார். மிகப் பெரும்பாலான இலக்கங்களில் கட்டடமே இல்லை. வெறுங்காணி, அல்லது வேகவீதி.

எஞ்சியவற்றுள் ஒன்று மெம்பிஸ் நகரத்து லொறெயின் மோட்டல். வோல்ற்றர் பெய்லியும் மனைவி லோறியும் 1945இல் வாங்கி நடத்திய விடுதி அது. பச்சைப் புத்தகத்தில் அதன் பெயர் உண்டு. 1968 ஏப்ரல் 4ஆம் திகதி மாலை மார்ட்டின் லூதர் கிங் அதன் 306ஆம் இலக்க அறைக்கு வெளியே மாடி முகப்பில் நின்றபோது சுடப்பட்டார். அன்றே லோறி பெய்லி மூளை இரத்தக்கசிவால் விழுந்தார். கிங்கின் இறுதிச்சடங்கு நடந்த ஏப்ரல் 9ஆம் திகதி அவரும் இறந்தார். வோல்ற்றர் அந்த அறையை அதன்பின் எவருக்கும் வாடகைக்கு விடவில்லை. 1991இல் அவ்விடம் குடியுரிமை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மாடி முகப்பில் சிவப்பும் வெள்ளையுமான மலர்வளையம் ஒன்று தொங்குகிறது; கீழே அக்காலத்துக் கார்கள் இரண்டு நிறுத்தப்பட்டிருக்கின்றன. விடுமுறைக்கு நெடும்பயணம் வருகின்ற குடும்பங்கள் எதிர்ப்புறம் நின்று, மலர்வளையமும் கார்களும் பழைய பெயர்ப்பலகையும் ஒருங்கே விழும்படி படம் எடுத்துக்கொண்டு, மீண்டும் காரில் ஏறுகிறார்கள்.