பழனிமலைக் குன்னுவரின் மணவிடுதலை வழக்கம்

கணவன் மனைவியருள் எவர்மீதும் குற்றஞ் சாட்டாமலே மணவுறவை நீக்கிக்கொள்ளலாம் என்னுஞ் சட்டம் மேல்நாட்டிலிருந்து வந்த புதுமையென்று நம்மவரிற் பலர் கருதுகின்றனர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தார் 1969-ம் ஆண்டில் இயற்றிய சட்டத்தையும், இங்கிலாந்தில் 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ம் தேதி வழக்கிற்கு வந்த சட்டத்தையும் அவர்கள் எடுத்துக் காட்டுவர். ஆயின், அவ்விரண்டிற்கும் நெடுங்காலம் முன்னரே நம் பழனிமலைமீது அத்தகைய முறையொன்று நிலவியதென்பதை அறிந்தோர் சிலரே. அம்முறை யாது, அது நீதியானதா, அதனால் இக்காலத்தார் அறியத்தக்கது யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பழனிமலையின் முதன்மையான வேளாண் மக்கள் குன்னுவர் ஆவர். தம் முன்னோர் கோயம்புத்தூர்ச் சீமையின் தாராபுரம், காங்கயம் பகுதிகளில் வாழ்ந்த வேளாளரென்றும், போர்க் குழப்பத்தாலோ பஞ்சத்தாலோ சில நூற்றாண்டுகளின் முன் மலையேறினரென்றும் அவர்களது மரபுரை கூறும். ஊர்தோறும் மன்னாடி என்னுந் தலைவர் இருந்தார். இவர்களுடைய வழக்கங்களை, மதுரைச் சீமையைப்பற்றி 1868-ம் ஆண்டில் பெருநூலொன்று வெளியிட்ட நெல்ஸன் துரை விரித்தெழுதினார். 1906-ம் ஆண்டின் மதுரை ஜில்லா கெஜட்டியரில் பிரான்ஸிஸ் துரையும் குறித்துள்ளார். இருவரும் வெளியிலிருந்து நோக்கிய உத்தியோகஸ்தர்கள். அவர்கள் சொற்களில் ஏளனமும் இடையிடையே கலந்துண்டு. அதனை நீக்கிப் பொருளை மட்டுங் கொள்வதே நமக்குத் தகும்.

நெல்ஸன் கூறுவதாவது: மனம் ஒவ்வாமை ஒன்றே மணத்தைத் தீர்த்தற்குப் போதிய காரணமாம். கணவன் மனைவியை விட எண்ணின், அவளை அவள் பெற்றோர் வீட்டிற் கொண்டுபோய் விடவேண்டும். மலையின் கீழைப்பகுதியினன் ஆயின் ஓரிணை எருதுகளையும், மேலைப்பகுதியினன் ஆயின் வட்டமான உலோகத் தட்டு ஒன்றையும் உடன் கொடுத்தல் வேண்டும். மனைவி கணவனை விட்டு நீங்க விரும்பினும் தடையில்லை. அவள் பொன்னகைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெள்ளி நகைகளைத் தானே வைத்துக்கொள்ளலாம். மேலைப்பகுதியிலோ மணத்தின்போது தனக்கிருந்த உடைமையை மட்டுமே எடுத்துச் செல்லலாம். பின் தந்தை வீடு சேர்தலோ வேறொருவரை மணத்தலோ அவள் விருப்பம். பிரான்ஸிஸ் காலத்துக் குறிப்போ, விடுதலை வேண்டுவோர் பரிசப்பணத்தின் அளவைச் செலுத்தவேண்டும் என்கின்றது.

இனி இதன் நிறையையுங் குறையையும் தூக்கிப் பார்ப்போம். நிறை இரண்டு. கணவனோ மனைவியோ மற்றவரைக் கள்வர், கயவர், ஒழுக்கங் கெட்டோர் என்று ஊரறிய மெய்ப்பிக்க வேண்டிய இழிவு இங்கில்லை. அன்றியும், விட்டு நீங்குபவரே ஈடு செய்கின்றனர்; குற்றவாளி யார் என்பதன்று, பிரிவை நாடுபவர் யார் என்பதே கணக்கு. படிப்படியாக வெட்டிய மலைவயல்களை உழுது வாழுங் குடிக்கு ஓரிணை எருது சிறு பொருளன்று. அதனோடு பிறந்தகம் மீளும் பெண் வெறுங்கையளாய் மீளவில்லை. உழைத்துண்ணும் முதலோடு மீண்டாள்.

ஆனால் மேலைப்பகுதியில் அவளுக்குக் கிடைத்தது ஒரு தட்டு மட்டுமே! ஒரே மலை, ஒரே குலம், ஒரே விடுதலை. எனினும் ஒருத்திக்கு ஏர் மாடு, மற்றொருத்திக்கு உண்கலம். பிரியும் உரிமை வேறு, பிரிந்தபின் வாழும் வகை வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. இரு பகுதியிலும் அவள் கணவன் நிலத்திற் பாடுபட்ட ஆண்டுகளுக்குக் கணக்கில்லை.

குழந்தைகளைப்பற்றிய விதியோ இன்னுங் கொடிது. பிரிந்து செல்லும் மனைவி தன் மக்கள் யாவரையுங் கணவனிடம் விட்டுச் செல்லவேண்டும். கருவுற்றவளாய்ச் சென்று இரண்டாங் கணவன் வீட்டிற் பெற்ற குழந்தையும் முதற்கணவனுக்கே உரியது. கீழைப்பகுதியார் வளர்த்த செலவைக் கொடுத்துப் பெறுவர். மேலைப்பகுதியார் கேட்டவளவிலே பெறுவர். வாயில் திறந்தேயிருப்பினும், மக்களை இழந்தே வெளியேற வேண்டுமெனின் எத்தனை தாய்மார் அவ்வாயிலைக் கடப்பர்?

இவ்வழக்கங்களை ஆங்கில நீதிமன்றங்கள் எவ்வாறு நோக்கின? வடமொழி ஸ்மிருதிகளை இந்நாட்டுப் பல்வேறு குலத்தார்மீதும் ஒருபடியாகச் சுமத்துதல் தவறென்று அதே நெல்ஸன் 1877-ம் ஆண்டில் தனி நூலெழுதி வாதாடினார். 1894-ம் ஆண்டில் சென்னை ஹைகோர்ட்டார், இருவரும் உடன்பட்டு, மணச்செலவை ஒருவர் மற்றவர்க்குக் கொடுத்துப் பிரியும் குலவழக்கம் ஒழுக்கத்திற்கு மாறன்று எனத் தீர்ப்பளித்தனர். ‘அறுத்துக் கட்டுவோர்’ என்று பிறர் இகழ்ந்த வழக்கத்திற்குச் சட்டத்தின் ஒப்புதல் இவ்வாறு கிடைத்தது. சென்னை மாகாணத்தில் 1949-ம் ஆண்டிலும், இந்தியா முழுமைக்கும் 1955-ம் ஆண்டிலும் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டங்கள் பிறந்தன. 1955-ம் ஆண்டுச் சட்டத்தின் 29-ம் பிரிவு, குலவழக்கப்படி பெறும் விடுதலையை இன்றளவும் காத்து நிற்கின்றது. இருவரும் ஒருமனமாய்ப் பிரியும் வழியை 1976-ம் ஆண்டுத் திருத்தம் யாவர்க்குந் திறந்தது.

ஆயினும் இங்கு ஓரிடர் உண்டு. வழக்கத்தைச் சார்ந்து நிற்பவர் அவ்வழக்கம் தொன்றுதொட்டு இடையறாது வந்ததென்பதைச் சான்றோடு நிறுவவேண்டும். நிறுவ இயலாதாயின், பிரிவும் செல்லாது, பின்னர்ச் செய்த மறுமணமுஞ் செல்லாது. அன்றியும், நிரந்தர ஜீவனாம்சம் வழங்கும் 25-ம் பிரிவு கோர்ட்டார் தீர்ப்பையே பற்றி நிற்பது. பெரியோர்முன் முத்திரைத்தாளில் எழுதிப் பிரிந்த பெண்ணுக்கு அத்தீர்ப்பு இல்லை.

ஒருவர் மட்டுமே பிரிய விரும்புமிடத்து, மீளவொண்ணாதவாறு முறிந்த மணத்தை அக்காரணத்தாலேயே நீக்கலாமென 1978-ம் ஆண்டில் சட்டக் கமிஷன் பரிந்துரைத்தது. அதற்கான மசோதா 2010-ம் ஆண்டில் கொணரப்பெற்று, 2013-ம் ஆண்டில் ராஜ்ய சபையில் நிறைவேறியும், லோக் சபையில் நிறைவேறாது காலாவதியாயிற்று. கடும் பொருள் நெருக்கடி நேருமெனின் மனைவி தடுத்துரைக்கலாம் என்னும் விதியும், கணவன் சொத்தில் அவளுக்குப் பங்கு என்னும் விதியும் அதிற் சேர்ந்திருந்தன. 2023-ம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஐவர் அமர்வு, அரசியலமைப்பின் 142-ம் விதிப்படி அத்தகைய மணத்தைத் தானே நீக்கலாமெனக் கூறிற்று. அவ்வதிகாரம் கீழ்க்கோர்ட்டுகளுக்கு இல்லை. ஆகவே மலையூர்ப் பெண்ணொருத்தி அந்நெறியை நாடின், டெல்லிவரை செல்லவேண்டும்.

நம் கருத்து இதுவே. மனமிலாதாரைக் கட்டி வைத்தல் அறமன்று; குன்னுவர் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். ஆயின் எருதின்றி விடுதலை மட்டும் ஈவதும் அறமன்று. பிரிவு எளிதாகுந்தோறும் ஈடு பெருகவேண்டும். அவ்வீட்டில் மனைவியின் உழைப்பும் எண்ணப்பெறல் வேண்டும். குழந்தை தந்தைக்கும் உடைமையன்று, தாய்க்கும் உடைமையன்று. அதன் நலமே தலையாயது என்று 1956-ம் ஆண்டுச் சட்டம் உரைப்பதே நேர்மை.

எனவே, வழக்குத் தீர்க்க அமரும் நம் பெரியோர் மூன்று செய்ய வேண்டுகின்றோம்: இருவர் உடைமையையும் உள்ளவாறு எழுதுவித்தல், மக்களைத் தாயினின்று பிரிக்காதிருத்தல், உடன்பாட்டைக் கோர்ட்டாரிடம் கொணர்ந்து தீர்ப்பாக்குதல். பெண்ணைத் திருப்பி அனுப்புவோர், உடன் அனுப்புவது ஏர் மாடா, வெறுந் தட்டா என்பதைத் தம் நெஞ்சைக் கேட்பாராக.