பழைய பூனை, புது வசூல்

பூனை துரத்துகிறது. எலி ஓடுகிறது. கதவு படீரென்று சாத்தப்படுகிறது. அடுத்த வினாடி பூனையின் மூஞ்சி அப்பளம்!

இது நடக்கும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். இருந்தாலும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான்.

1995-ல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். எதிர்வீட்டில் மட்டும்தான் கேபிள் இணைப்பு. சாயங்காலம் எட்டுப் பத்துப் பேர் அந்த வீட்டு ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம். மூன்றாவது வாரமே எதிர்வீட்டுப் பையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏண்டா, இவங்ககிட்ட வேற கேசட்டே இல்லியா? போட்டதையே போடறாங்க!"

நியாயமான கேள்வி. பதில் தெரிந்துகொள்ள நான் பி.காம். சேரவேண்டியிருந்தது.

முதல் வருஷத்திலேயே தேய்மானம் என்று ஒரு பாடம் நடத்துவார்கள். ஒரு லேத் மெஷின் வாங்குகிறீர்கள். ஓட ஓட அது தேயும். நேர்கோட்டு முறையா, குறைந்து செல் மதிப்பு முறையா, ஏதோ ஒரு வழியில் வருஷா வருஷம் அதன் மதிப்பைக் குறைத்து எழுதவேண்டும். ஒருநாள் அது வெறும் பழைய இரும்பு. கணக்கு முடிந்தது.

கார்ட்டூன் படம் அந்த வகை மெஷின் இல்லை. அதில் நடிப்பவருக்கு வயசாகாது. முடி கொட்டாது. பெல்பாட்டம் போட்டிருக்கிறாரே என்று யாரும் சிரிக்கமாட்டார்கள். ஃபிலிம் கீறிவிட்டதா? இன்னொரு பிரதி போட்டுக்கொள்ளலாம். ஒருமுறை செலவு, பலமுறை வரவு.

இந்த ரகசியத்தின் முழு ருசியை ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் கண்டுகொண்ட விதம் கொஞ்சம் கொடூரமானது.

அங்கே வில்லியம் ஹன்னா, ஜோசஃப் பார்பெரா என்று இரண்டு பேர். 1940-ல் ஒரு பூனை-எலிப் படம் எடுத்தார்கள். (அந்த முதல் படத்தில் பூனையின் பெயர் டாம் இல்லை, ஜாஸ்பர்!) அதிலிருந்து ஆரம்பித்து இருவரும் எடுத்த டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் மொத்தம் 114. எல்லாமே தியேட்டரில், மெயின் படத்துக்கு முன்னால் ஓடுவதற்காக எடுத்தவை. ஏழு ஆஸ்கர் கிடைத்தது. விருது தயாரிப்பாளருக்குத்தான் போகும் என்பதால் ஏழையும் ஃப்ரெட் குவிம்பி என்கிற அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார். வால் நசுங்கினால் டாம் ஓர் அலறல் போடுமே, நினைவிருக்கிறதா? அது ஹன்னாவின் சொந்தக் குரல். அதற்கு மட்டும் யாரும் போட்டிக்கு வரவில்லை.

1957-ல் எம்.ஜி.எம். கணக்குப்பிள்ளைகள் ஒரு கூட்டல் கழித்தல் போட்டுப் பார்த்தார்கள். புதுப் படம் எடுத்து வெளியிட்டால் என்ன வசூல்? பழைய படத்தைத் தூசிதட்டி மறுபடி வெளியிட்டால் என்ன வசூல்? இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! அப்புறம் எதற்கு இத்தனை பேருக்கு மாசச் சம்பளம்?

ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. கார்ட்டூன் பிரிவை மூடியாயிற்று. ஓவியர்கள், வண்ணம் தீட்டுபவர்கள், ஹன்னா, பார்பெரா அத்தனை பேரும் வெளியே.

கவனியுங்கள். படங்கள் ஓடாததால் வேலை போகவில்லை. பார்த்த படத்தையே ஜனங்கள் மறுபடி பார்க்கிற அளவுக்கு அவை நன்றாக இருந்ததால் போனது.

அப்போது அமெரிக்க டி.வி. நிலையங்களுக்கு அகோரப் பசி. 1956-ல் அசோசியேட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற நிறுவனம் வார்னரின் பழைய வண்ணக் கார்ட்டூன்களையும் பாப்பாய் படங்களையும் மொத்தமாக வாங்கி, ஊருக்கு ஊர் நிலையங்களுக்கு விற்றது. பாப்பாய் மட்டும் 231 படம். உள்ளூர் ஆசாமி ஒருவருக்குக் கப்பல் கேப்டன் தொப்பியை மாட்டி, சாயங்காலம் குழந்தைகளுக்கு முன்னால் உட்காரவைத்தால் நிகழ்ச்சி தயார்.

ஹன்னாவும் பார்பெராவும் அதே டி.வி. பக்கம் போனார்கள். ஐந்து நிமிஷக் கார்ட்டூனுக்கு அங்கே கிடைத்தது சுமார் 3,000 டாலர். எம்.ஜி.எம்.மில் ஏழு நிமிஷப் படத்துக்கு ஆன செலவு இதைப்போல் பத்து மடங்குக்குக் குறையாது. என்ன செய்வது? உடம்பை அசையாமல் வைத்துவிட்டு வாயை மட்டும் அசைத்தார்கள். யோகி கரடிக்குக் கழுத்தில் காலரும் டையும் எதற்கு? அழகுக்கு என்று நினைத்தீர்களா? தலையைத் தனியாக வரைந்தால் ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் இருக்க! ஃப்ளின்ட்ஸ்டோன் வீட்டுக்குள் ஓடும்போது ஒரே ஜன்னல், ஒரே நாற்காலி பத்துமுறை கடந்துபோகும். மறு ஒளிபரப்பை எபிசோடுக்கு உள்ளேயே ஆரம்பித்துவிட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

இனி ஜெட்சன்ஸ் கதைக்கு வாருங்கள்.

எதிர்காலத்தில் பறக்கும் காரில் ஆபீஸ் போகிற குடும்பத்தின் கதை. 1962 செப்டம்பரில் ஏபிசி சேனலில் ஆரம்பித்து, 1963 மார்ச்சில் ஊற்றி மூடப்பட்டது. மொத்தம் 24 எபிசோட். தோல்விப் படம்தானே, பெட்டிக்குள் போயிருக்கவேண்டும். போகவில்லை. அந்த 24-ஐயும் தூக்கிச் சனிக்கிழமை காலையில் போட்டார்கள். வருஷத்துக்கு 52 சனிக்கிழமை. ஒரு முழு வருஷம் ஓடினால் ஒவ்வொரு எபிசோடும் இரண்டு தடவை வந்துவிடும். சேனல் மாறி மாறி, சுமார் இருபது வருஷம் இதே 24 எபிசோடுகள்தான் சுற்றி வந்தன. ஜெட்சன்ஸைப் பார்த்து வளர்ந்தேன் என்று சொல்கிற அமெரிக்கர்கள் நிறையப் பேர். அவர்கள் பார்த்தது மொத்தமே பன்னிரண்டு மணி நேரச் சரக்கு, விளம்பரத்தையும் சேர்த்து!

1985-ல் திடீரென்று புதிதாக 41 எபிசோட் எடுத்தார்கள். அதென்ன 41? ஏற்கெனவே இருந்த 24-ஐக் கூட்டுங்கள். 65. திங்கள் முதல் வெள்ளி வரை வாரத்துக்கு ஐந்து என்று 13 வாரம் ஓட்ட 65 வேண்டும். 13 வாரம் என்றால் கால் வருஷம். ஆக, வருஷத்துக்கு நாலு சுற்று. உள்ளூர் நிலையங்களுக்குத் தினசரித் தொடராக விற்க இந்த எண்ணிக்கைதான் கணக்கு. அந்தக் காலத்துத் தொடர்கள் பலவும் சொல்லிவைத்த மாதிரி 65-ல் நிற்பது இதனால்தான். கதை முடிந்ததால் அல்ல, கட்டு முடிந்ததால்.

குழந்தைகள் அலுத்துக்கொள்ள மாட்டார்களா?

சேனல்காரர்களிடம் இதற்கு இரண்டு பதில் உண்டு. ஒன்று, கூட்டம் மாறிக்கொண்டே இருக்கும். நாலு வயசில் பார்த்த பிள்ளை பத்து வயசில் கிரிக்கெட் பக்கம் போய்விடும். அதன் தம்பிக்கு அது புதுப்படம். இரண்டாவது பதில் இன்னும் வலுவானது. 1996-ல் நிக்கலோடியன் சேனலில் ப்ளூஸ் க்ளூஸ் என்று சின்னக் குழந்தைகளுக்கான ஒரு நிகழ்ச்சி வந்தது. ஒரே எபிசோடைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் போட்டார்கள். ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தால், வெள்ளிக்கிழமை பிள்ளைகள் முன்பைவிட உற்சாகமாகக் கத்திப் பதில் சொல்கின்றன! பாட்டி சொன்ன கதையையே நாமும் தினம் கேட்டோமே, அதே சமாசாரம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று வயசுக் குழந்தைக்கு ஐந்து நாள் போடுவது வேறு. பன்னிரண்டு வயசுப் பையனுக்கு ஒரே தொடரைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை போடுவது வேறு.

அந்த இரண்டாவது காரியத்துக்கு வழி திறந்தவர் டெட் டர்னர்.

1986-ல் எம்.ஜி.எம்.மை வாங்கினார். கடன் கழுத்தை நெரிக்கவே, ஸ்டூடியோவை உடனே விற்றுவிட்டுப் பழைய படங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். டாம் அண்ட் ஜெர்ரி, வார்னரின் பழைய வண்ணக் கார்ட்டூன்கள், பாப்பாய் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. 1991-ல் ஹன்னா-பார்பெரா நிறுவனத்தையும் வளைத்தார். விலை 32 கோடி டாலர். இதே நிறுவனத்தை 1960-களின் நடுவில் டாஃப்ட் என்ற கம்பெனி வாங்கியபோது விலை 1.2 கோடி. நடுவில் புதுத் தொடர்கள் சேர்ந்தன, வாஸ்தவம். விலைவாசியும் நாலு மடங்கு ஏறியிருந்தது. அதைக் கழித்தாலும் ஆறு மடங்கு லாபம். பழைய இரும்புக்கு யாராவது இந்த விலை தருவார்களா?

1992 அக்டோபர் 1-ல் கார்ட்டூன் நெட்வொர்க் பிறந்தது. ஆரம்பத்தில் ஏறக்குறைய முழுக்கவே பழைய சரக்கு. 1994-ல் புதிதாக ஸ்பேஸ் கோஸ்ட் என்ற பேட்டி நிகழ்ச்சியை ஆரம்பித்தபோதுகூட 1966-ல் வரைந்த அதே வீரனின் படங்களை வெட்டி ஒட்டித்தான் பேசவைத்தார்கள்.

எதிர்வீட்டுப் பையனின் கேள்வி இன்னும் பாக்கியிருக்கிறது. கேசட் நிறையவே இருந்தது. ஆனாலும் ஏன் சிலதே திரும்பத் திரும்ப வருகிறது? விளம்பரதாரர் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் பணம் தருகிறார். தெரிந்த தொடருக்கு எத்தனை தலை வரும் என்று தெரியும். புதுசுக்குத் தெரியாது. அதனால் தெரிந்ததையே அதிகம் போடுவார்கள். அதிகம் போடுவதால் அதையே அதிகம் பேர் பார்ப்பார்கள். அதிகம் பேர் பார்ப்பதால் இன்னும் அதிகம் போடுவார்கள். 2013-ல் ஆரம்பித்த டீன் டைட்டன்ஸ் கோ தொடரை அமெரிக்கக் கார்ட்டூன் நெட்வொர்க் நாள் கணக்கில் தொடர்ந்து போட்டது இப்படித்தான். கேபிளைத் துண்டித்துவிட்டு இணையத்துக்கு ஜனங்கள் ஓட ஓட, மிச்சமிருந்த சேனல் இன்னும் கெட்டியாக அதையே பிடித்துக்கொண்டது.

சரி, இத்தனை சுற்றில் உழைத்தவனுக்கு என்ன கிடைத்தது?

டி.வி. மறு ஒளிபரப்பு எத்தனை தடவை ஆனாலும் நடிகருக்குப் பங்கு உண்டு என்ற நிலையை அமெரிக்க நடிகர் சங்கம் 1974 ஒப்பந்தத்தில்தான் வாங்கியது. அதற்கு முந்தைய தொடர்களுக்குச் சில சுற்றோடு சரி. வரைந்தவர்களுக்கு அதுவும் இல்லை. சம்பளம் வாங்கினாயா, ஆயிற்று. அந்தச் சம்பளமும் பிறகு ஆட்டம் கண்டது. படம் வரையும் வேலையைத் தைவான் போன்ற மலிவான நாடுகளுக்கு அனுப்பாதே என்று கார்ட்டூன் தொழிலாளர்கள் 1982-ல் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். அப்படி அனுப்பிய ஸ்டூடியோக்களில் முக்கியமானது, ஒரு போன் காலில் வேலையிழந்த அதே இருவர் ஆரம்பித்த ஸ்டூடியோதான்.

ஃப்ளின்ட்ஸ்டோனின் மனைவி வில்மாவுக்குக் குரல் கொடுத்தவர் ஜீன் வாண்டர் பைல். 1966-ல் தொடர் முடிந்தபோது, மறு ஒளிபரப்புப் பங்குக்குப் பதிலாக மொத்தமாக 15,000 டாலர் தருகிறோம் என்றார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு உலகம் முழுக்க அந்த 166 எபிசோடும் ஓடியது. 1995-ல், கலிஃபோர்னியாவில் சான் க்ளமென்டே என்ற கடற்கரை ஊரில் அவர் வசித்துக்கொண்டிருந்தபோது இதைப் பற்றிக் கேட்டார்கள். பங்கு மட்டும் வந்திருந்தால் நான் இந்த ஊரில் குடியிருக்கமாட்டேன், இந்த ஊரே என்னுடையதாக இருக்கும் என்றார்.