கணக்கு நோட்டு யார் கையில்?

எங்க ஊர் கோயிலில் ஒரு பொதுப்பெட்டி இருந்தது. ஞாயிறு பூசை முடிஞ்சு வெளியே வரும்போது சேரி சனம் அதில் காசு போடும். சாவுக்கும் சடங்குக்கும் அதிலிருந்து கடன் கிடைக்கும்னு பேச்சு. பெட்டி கோயிலில். சாவியும் கணக்கு நோட்டும் ஊர்த்தெரு நாட்டாமை வீட்டில். அம்மா ஒரு தடவை ஐநூறு ரூபாய் கேட்டு மூணு வாரம் அந்த வாசலில் நின்னாங்க. திண்ணை ஏற விடல. கடைசியில் கந்துவட்டிக்காரனிடம்தான் போனாங்க. கோயிலைச் சுற்றி உருவான கடன் சங்கங்களின் வரலாற்றை நான் தேடிப் படிக்க ஆரம்பிச்சது அந்த வாசலிலிருந்துதான்.

அப்படிப் படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது கனடாவின் கிழக்கு ஓரத்திலுள்ள நோவா ஸ்கோஷியா. அங்கே மீனுக்கு விலை வைத்தவன் வியாபாரி. வலையும் உப்பும் மாவும் கடனுக்குக் கொடுத்தவனும் அவனே. பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் மீனவன்தான் பாக்கி. கேப் பிரட்டன் தீவின் நிலக்கரிச் சுரங்கங்களிலோ வீடும் கம்பெனியுடையது, மளிகைக் கடையும் கம்பெனியுடையது. சம்பளம் கைக்கு வருமுன் கடைக்கணக்கில் கழிந்துவிடும். பண்ணையார் வீட்டுப் பத்தாயத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1925 வேலைநிறுத்தத்தில் கம்பெனி அந்தக் கடைக் கடனையும் நிறுத்தியது. ஜூன் 11 அன்று கம்பெனிப் போலீஸ் சுட்டதில் வில்லியம் டேவிஸ் என்ற தொழிலாளி செத்தார். சனம் கம்பெனிக் கடைகளைச் சூறையாடிக் கொளுத்தியது.

இந்த மண்ணில்தான் ஜிம்மி டாம்ப்கின்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் வருகிறார். ஆன்டிகோனிஷ் ஊரில் புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவராக இருந்தவர். கல்லூரிகளை இணைக்கும் திட்டத்தில் ஆயரோடு முரண்பட்டார். 1922 கடைசியில் கான்சோ என்ற மீனவர் ஊருக்குத் தூக்கியடிக்கப்பட்டார். நம்ம ஊர் பாஷையில் தண்டனை மாற்றல். 1927 ஜூலை 1, கனடா ஒன்றியத்தின் அறுபதாம் ஆண்டு விழா. கொண்டாட எங்களுக்கு என்ன இருக்குன்னு கான்சோ மீனவர்கள் கூடிக் கேட்டார்கள். அரசு விசாரணைக் குழு அமைந்தது. டாம்ப்கின்ஸின் உறவினரான மோசஸ் கோடி பாதிரியார் அதன் முன் சாட்சி சொன்னார். 1928இல் பல்கலைக்கழகம் மக்களுக்கான விரிவாக்கத் துறையைத் தொடங்கி கோடியை இயக்குநராக்கியது.

அவர்கள் காசிலிருந்து தொடங்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுப்படி மேசையைச் சுற்றிச் சில பேர். பேச்சு: நம்ம மீன் யாருக்குப் போகுது, அவன் எந்த விலைக்கு விக்கிறான், நடுவில் போனது எவ்வளவு? எழுத்துத் தெரிந்தவர் துண்டறிக்கையைப் படிப்பார், தெரியாதவர் கேட்டு வாதிடுவார். அண்ணல் அம்பேத்கர் கற்பி என்பதை முதலில் வைத்தது ஏன் என்பது எனக்கு இந்த இடத்தில் இன்னொரு முறை உறைத்தது. கான்சோவை அடுத்த லிட்டில் டோவர் மீனவர்கள் இப்படிப் பேசிப் பேசியே, தாங்களே மரம் வெட்டி, தங்களுக்கென்று ஒரு சிங்கிறால் பதப்படுத்தும் ஆலையைக் கட்டிக்கொண்டார்கள்.

1932இல் அந்த மாகாணத்தில் கடன் சங்கச் சட்டம் வந்தது. பிராட் கோவ், ரிசர்வ் மைன்ஸ் ஊர்களில் முதல் சங்கங்கள். கூடுவது பெரும்பாலும் பங்குக்கோயில் மண்டபத்தில். ஆனால் சங்கம் கோயிலுடையது அல்ல. சில சென்ட் சில சென்ட்டாகச் சேர்த்து ஒரு பங்கு. எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. யாருக்குக் கடன் என்று முடிவு செய்யும் குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தார்கள். ஈடு வைக்க நிலம் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரன் உன்னை அறிந்திருந்தால் போதும். நம்ம பக்கம் பழைய போர்டுகளில் ‘ஐக்கிய நாணய சங்கம்’ என்று எழுதியிருக்கும். நாணயம் என்றால் காசு, நாணயம் என்றால் நேர்மை. பெயர் என்னவோ பொருத்தமாகத்தான் வைத்தார்கள்.

அந்தப் பெயரைத் தாங்கிய சங்கங்களுக்கும் நோவா ஸ்கோஷியாவுக்கும் ஒரு மறைந்த தொடர்பு உண்டு. ஜெர்மனியின் ரைஃபைசன் சங்கங்களை ஆராய்ந்து பிரடெரிக் நிக்கல்சன் சென்னை அரசுக்கு அறிக்கை தந்தார். அதன் தொடர்ச்சியாக 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது, திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் பதிவானது. 1907இல் பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன் இந்தியா வந்து கிராமக் கடன் சங்கங்களைப் பார்த்துப் போனார். அவர் பணத்தில் அமெரிக்கா முழுக்கக் கடன் சங்கங்களைப் பரப்பிய ராய் பெர்கன்கிரென்தான் நோவா ஸ்கோஷியாவுக்கும் வந்து சட்டம் உருவாக உதவியவர். நம்ம ஊர் வழியாப் போன விதை அங்கே சுரங்கத் தொழிலாளி கையில் முளைத்தது. இங்கே சங்கத் தலைவர் நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டுப் பாருங்கள்.

புகழ் மட்டும் பாட நான் தயாரில்லை. சுரங்கத்தில் செங்கொடி பரவுகிறதே என்ற அச்சமும் திருச்சபையை இந்த வேலைக்குத் தள்ளியது. இன்னொன்று. 1946 நவம்பர் 8, ஆன்டிகோனிஷுக்குப் பக்கத்து மாவட்டத்தில் நியூ கிளாஸ்கோ திரையரங்கு. வெள்ளையர் உட்காரும் பகுதியில் உட்கார்ந்த வயலா டெஸ்மண்ட் என்ற கறுப்பினப் பெண்ணை இழுத்துப்போய் ராத்திரி முழுக்கச் சிறையில் வைத்தார்கள். வழக்கு, டிக்கெட்டில் ஒரு சென்ட் வரி குறைந்ததாம்! மன்னிப்பு 2010இல்தான் வந்தது, அவர் செத்து நாற்பத்தைந்து வருஷம் கழித்து. 2018இல் பத்து டாலர் நோட்டில் அவர் முகம். அந்த மாகாணத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் கறுப்பின மக்களை, இயக்கத்தைப் பற்றி நான் படித்த பக்கங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இருந்தாலும் ரிசர்வ் மைன்ஸை என்னால் தள்ளிவிட முடியவில்லை. 1935இல் டாம்ப்கின்ஸ் அங்கே பங்குத்தந்தையாகப் போனார். கம்பெனி வீட்டில் கிடந்த சுரங்கத் தொழிலாளர்கள் மேரி ஆர்னால்ட் என்ற பெண்மணியோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டடக் கணக்குப் படித்தார்கள். அட்டையில் மாதிரி வீடு செய்து பார்த்தார்கள். அரசுக் கடன் வாங்கி, வேலை முடிந்த நேரத்தில் தங்கள் கையாலேயே கட்டிய அந்தத் தெருவுக்கு 1938இல் டாம்ப்கின்ஸ்வில் என்று பெயர்.

எங்க தெருப் பெண்கள் இப்போ தனியாச் சேர்க்கிறாங்க. முதல் மூணு மாசம் காசே வாங்கல. யார் யார் எவ்வளவு வட்டி கட்டுறோம்னு எழுதிப் பார்த்ததோட சரி. பெட்டிக்கு மூணு பூட்டு, மூணு வீட்டில் மூணு சாவி. பழைய பெட்டியின் கணக்கு நோட்டைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் தரவில்லை.