கருங்கல்லுக்குள் நீர்: இயற்பியலின் எதிர்காலத் துறை குறித்துத் திண்டுக்கல் சமவெளியிலிருந்து ஒரு வாதம்

இயற்பியலில் இனி எந்தத் துறைக்கு எதிர்காலம் என்று முதுகலை வகுப்பில் சேரும் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். குவாண்டம் கணிப்பு, துகள் இயற்பியல், வானியற்பியல், அணுக்கரு இணைவு என்று பழகிப்போன விடைகள் வரும். இவற்றில் எதையும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும் இக்கட்டுரை வேறொன்றை முன்வைக்கிறது. அது ஒழுங்கற்ற பருப்பொருளின் இயற்பியல். விரிசல் விட்ட பாறை, கண்ணாடி, பல்படிகப் படலம் போன்ற சீரற்ற ஊடகங்களுக்குள் நீரும் மின்னூட்டமும் வெப்பமும் எப்படிக் கடந்து செல்கின்றன என்று ஆராயும் துறை அது. அதற்கான சான்று திண்டுக்கல் மாவட்டத்திலேயே கிடைக்கிறது.

முதலில், ஒரு துறையின் ‘எதிர்காலத்தை’ எதைக் கொண்டு அளப்பது? கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் வரலாறு இதற்கு நல்ல பாடம். சென்னை மாகாணத்தின் சமவெளிகளைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் (1876–78) பின், சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு கண்டுவிட்டால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற நம்பிக்கை எழுந்தது. அந்த நம்பிக்கையின் பேரில்தான் அரசு பணம் ஒதுக்கியது. 1899-இல் ஆய்வகம் மலைமேல் அமைந்தது. மழையை முன்னறியும் சூத்திரம் அங்கே கிடைக்கவில்லை. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கண்டது வேறு: சூரியப் புள்ளியின் அரைநிழல் பகுதியில் வாயு ஆரத்திசையில் வெளிநோக்கிப் பாய்கிறது. எவர்ஷெட் விளைவு என்று இன்றும் பாடநூல்களில் நிற்பது அதுதான். நூறாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து எடுக்கப்பட்ட சூரியப் படங்களும் அங்கே சேர்ந்தன. அந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய கருவியே ஆதித்யா எல்-1 விண்கலத்தில் சூரியனின் ஒளிவட்டத்தைப் பார்க்கிறது. எதைத் தருவதாகச் சொல்லி ஒரு துறை தொடங்குகிறதோ அதை வைத்து அதை எடைபோட முடியாது. அடித்தளக் கேள்வி திறந்திருக்கிறதா, புதிதாக அளக்க ஏதேனும் உண்டா, எத்தனை பேர் கை கொடுக்க முடியும் என்பவையே நம்பத்தக்க அளவுகோல்கள். மூன்றாவதை நம் கல்விச்சூழலில் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை.

பக்கத்து மாவட்டத்து நியூட்ரினோ திட்டத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்தவற்றில் 1965-இன் கோலார் தங்கச் சுரங்கச் சோதனையும் ஒன்று. அந்த மரபின் தொடர்ச்சியாகத் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலைக்குள் 50,000 டன் காந்த இரும்புக் கலோரிமானி அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மலையும் நீரும் என்னவாகும் என்று ஊர்மக்கள் கேட்டார்கள்; மாநில அரசும் எதிர்த்தது; விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மக்களின் கேள்வி நியாயமானது, அதற்கு நேர்மையான விடை சொல்வது அறிவியலாளரின் கடமை. இதற்கிடையே, பொட்டிப்புரக் கருவிக்கும் இருந்த, நியூட்ரினோ நிறைகளின் வரிசையை அறியும் அதே நோக்கத்தோடு சீனாவின் ஜூனோ கருவி 2025-இல் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது. நியூட்ரினோ இயற்பியலின் ஆழத்தை இது குறைக்காது. ஆனால் ஒரே இடம், ஒரே அனுமதி, ஒரே கருவி என்று நிற்கும் துறையை நம்பி ஒரு வட்டாரத்தின் மாணவர் தலைமுறையையே அனுப்ப முடியாது.

இனி மலையை விட்டுச் சமவெளிக்கு வருவோம். பழனி மலைத்தொடரின் மழைமறைவில் கிடக்கும் இந்தத் தரைக்கு அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட் போன்ற மிகப் பழைய படிகப் பாறை. கல்லுக்குள் துளையே கிடையாது என்று சொல்லலாம்; நீர் தங்குவதெல்லாம் மேலே சிதைந்த படலத்திலும் கீழே விரிசல்களிலும்தான். வேடசந்தூர்ப் பக்கமோ ரெட்டியார்சத்திரம் பக்கமோ ஒரு தோட்டத்தில் போர் போட்டு நல்ல தண்ணீர் கிடைக்கும். அடுத்த தோட்டத்தில், கூப்பிடு தூரத்தில், ரிக் வண்டி எவ்வளவு ஆழம் இறங்கினாலும் புழுதிதான் பறக்கும். அடிக்கணக்கில் கூலி கொடுத்த விவசாயி கடனாளியாகிறார். அதிர்ஷ்டம் என்று ஊர் சொல்வதற்கு இயற்பியலில் விளக்கம் உண்டு.

துளைக்கும் முன் நீர் இருக்குமிடத்தைத் தேடும் மின்தடை ஆய்வு நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நான்கு கம்பிகளை நேர்கோட்டில் மண்ணில் அடிக்கிறார்கள். வெளிக்கம்பிகள் இரண்டின் வழியே மின்னோட்டம். உள்கம்பிகள் இரண்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு. சித்திரை வெயிலில் காய்ந்த செம்மண்ணில் மின்னோட்டம் இறங்காது. கம்பியின் அடியில் உப்புநீர் ஊற்ற வேண்டும். வெளிக்கம்பிகளை விலக்க விலக்க மின்னோட்டம் ஆழமாகப் போய்வரும். கிடைத்த அளவுகளை மடக்கைத் தாளில் குறித்தால் ஒரு வளைகோடு. திண்ணிய பாறையின் மின்தடைத்திறன் ஆயிரம் ஓம்-மீட்டரையும் தாண்டும். ஈரமான சிதைபாறை பல மடங்கு குறைவு. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. குறைந்த மின்தடை நீரையும் குறிக்கும், களிமண்ணையும் குறிக்கும், உப்பேறிய கழிவுநீரையும் குறிக்கும். மெல்லிய நற்கடத்திப் படலமும் தடித்த சுமார்க்கடத்திப் படலமும் ஒரே வளைகோட்டைத் தரும். விளைவிலிருந்து காரணத்தை மீட்கும் இத்தகைய தலைகீழ்ச் சிக்கலுக்கு ஒற்றை விடை கிடையாது. எது நிகழத்தக்கது என்று நிகழ்தகவோடு சொல்லும் முறைகளையே வளர்க்க வேண்டியிருக்கிறது.

விரிசலில் நீர் ஓடும் விதமும் எளிதல்ல. இணையான இரு சுவர்களுக்கு இடையே பாயும் அளவு இடைவெளியின் முப்படிக்கு நேர்விகிதம். விரிசல் இரு மடங்கு அகன்றால் நீர் எட்டு மடங்கு. ஆனால் ஒரு விரிசல் எவ்வளவு அகலமாயினும் மற்றவற்றோடு இணையாவிட்டால் பயனில்லை. இந்த இணைப்பைப் பற்றியது பெர்கோலேஷன் கோட்பாடு. 1957-இல் பிராட்பென்ட்டும் ஹாமர்ஸ்லியும் அதை வகுத்தனர். விரிசல்களின் அடர்த்தி ஒரு வரம்பைத் தொடும்வரை நீர்வழிகள் தனித்தனித் தீவுகள். தாண்டியதும் திடீரென ஒரே வலை. வரம்பை ஒட்டிய பாறையில் கொஞ்சம் தள்ளித் துளைத்தாலும் விதி மாறிவிடும். இருபரிமாணச் சதுரக் கட்டத்தின் பிணைப்புகளுக்கு அந்த வரம்பு சரியாக 1/2 என்று ஹாரி கெஸ்டன் 1980-இல் நிறுவினார். முப்பரிமாணத்தில் கணினி தரும் எண்களே உள்ளன. வரம்பில் நிற்கும்போது முடிவிலாத் திரள், அதாவது எல்லையின்றி நீளும் இணைப்பு வலை, உண்டா, இல்லையா என்பதற்கே முப்பரிமாணத்தில் இன்னும் நிறுவல் கிடையாது. தோட்டத்துப் போருக்கு அடியில் கணிதத்தின் தீராத கேள்வி ஒன்று கிடக்கிறது.

திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர் போன ஊர். தொழிற்சாலைக் கழிவால் கொடகனாற்று வடிநிலத்தின் கிணறுகள் கெட்டதை ஐதராபாத்திலுள்ள தேசிய நிலஇயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். குடிக்கவும் பாய்ச்சவும் ஆகாத தண்ணீரோடு வாழும் குடும்பங்களுக்கு இது ஆய்வுத்தாள் விஷயமல்ல, அன்றாடத் துன்பம். உப்பும் குரோமியமும் எத்தனை ஆண்டில் எவ்வளவு தூரம் போகும்? சீரான பரவலை விவரிக்கும் ஃபிக் விதிப்படி கணக்கிட்டால் விடை தவறிவிடுகிறது. ஒரு பகுதி வேகமாக முன்னே ஓடிவிடும்; இன்னொரு பகுதி நுண்பிளவுகளில் சிக்கி நெடுநாள் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். ஆலை மூடிய பிறகும் கிணறு தெளியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில்தான் என் வாதத்தின் வலு இருக்கிறது. இந்தச் சிக்கிச் செல்லும் நடையை விவரிக்கும் கணிதம் பாறைக்காகப் பிறந்ததல்ல. 1975-இல் ஹார்வி ஷெரும் எலியட் மான்ட்ரோலும் படிக ஒழுங்கற்ற குறைகடத்திகளில், நகலெடுக்கும் இயந்திரங்களில் பயன்பட்ட வகைப் படலங்களில், மின்னூட்டம் தயங்கித் தயங்கி நகர்வதை விளக்க அதைக் கையாண்டனர். இருபது ஆண்டு கழித்து அதே ஷெர், பிரையன் பெர்கோவிட்ஸோடு சேர்ந்து அதை நிலத்தடி நீருக்குக் கொண்டுவந்தார். எலெக்ட்ரானும் குரோமியமும் ஒரே சமன்பாட்டின்படி தாமதிக்கின்றன. ஒரு துறை உயிரோடிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

இது நிலவியல்தானே, இயற்பியலா என்று கேட்பவர்கள் உண்டு. ஒழுங்கின்மை எலெக்ட்ரானையே ஓரிடத்தில் கட்டிப்போடும் என்று 1958-இல் ஃபிலிப் ஆண்டர்சன் காட்டினார். ஒழுங்கற்ற அமைப்புகளைப் பற்றிய பணிக்காக ஜார்ஜோ பாரிசிக்கு 2021-இல் நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது. அந்த ஐயம் அதோடு தீர வேண்டும்.

கனமான எதிர்வாதம் குவாண்டம் தொழில்நுட்பம். 2023-இல் அறிவிக்கப்பட்ட தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒதுக்கீடு ரூ. 6,003.65 கோடி, வேலையும் புகழும் அங்கே இருக்கின்றன என்பது மெய். ஆனால் மீக்கடத்திக் குவாண்டம் பிட்டுகள் தம் நிலையை விரைவில் இழப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அவற்றிலுள்ள ஒழுங்கற்ற அலுமினிய ஆக்சைடுப் படலத்தின் நுண்குறைகள். அந்தக் கண்ணாடித்தன்மையை அறியாமல் கணினி முன்னேறாது. சூரிய மின்கலத்திலும் இதே கதை. 2009-இல் 4 சதவீதத்துக்கும் குறைந்த திறனோடு தொடங்கிய பெரோவ்ஸ்கைட் கலம் இன்று 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. படிகமணி எல்லைகளின் வழியே அயனிகள் நகர்வதால் ஆயுள்தான் குறுகுகிறது. சிலிக்கன் பலகையே 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் திறன் இழக்கும் நிலையில், திண்டுக்கல் வெயிலில் தாங்கும் பொருளைத் தேடுவது வெளிநாட்டு ஆய்வகம் மட்டும் செய்ய வேண்டிய வேலையல்ல.

இனி மூன்றாம் அளவுகோல். 1956-இல் கிராமிய நிறுவனமாகத் தொடங்கி 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராமத்தில் இயற்பியல் துறை இருக்கிறது, நகரில் எம்.வி.முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. மின்தடைமானி ஒரு கல்லூரிக்கு எட்டாத கருவியல்ல. அதைவிட மதிப்புள்ள தரவு ரிக் வண்டிக்காரர்களிடமும் தோட்டக்காரர்களிடமும் இருக்கிறது: எத்தனை அடியில் பாறை தட்டியது, எங்கே ஊற்று உடைந்தது, எங்கே புழுதி மட்டும் வந்தது. தோற்றுப்போன போர்களின் கணக்கும் சேர்ந்தால்தான் பெர்கோலேஷன் வரம்பைச் சோதிக்க முடியும். வெற்றிகளை மட்டும் எழுதிய பட்டியல் கோட்பாட்டுக்கு உதவாது. தமிழில் ஒரு பொதுப் பதிவேடு, அதில் இடம், ஆழம், தேதி, நீரின் மின்கடத்துதிறன் என்ற நான்கு பத்திகள். கொடகனாற்று வடிநிலக் கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் மாணவர்கள் எடுக்கும் அளவீடு. முதுகலைத் திட்டக்கட்டுரைக்கு ஆண்டுதோறும் தலைப்புத் தேடும் இத்துறைகள் இந்த வேலையை வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கிவிடலாம்.