அலையும் கிழங்கும்: வைகீகி, 1907

கடற்கரை ஊருக்குப் போவது, அலைச்சறுக்குப் பழகுவது, அந்த ஊர்ச் சாப்பாட்டை ருசி பார்ப்பது, திரும்பி வந்து எழுதுவது: இது இன்று தனியொரு எழுத்துவகை. முதுகில் பை, கையில் பலகை, பக்கத்தில் துணை. இந்த வகைக்கு ஒரு முன்னோடிப் பிரதி உண்டு. 1907இல் ஜாக் லண்டனும் மனைவி சார்மியனும் 'ஸ்னார்க்' என்ற சொந்தப் படகில் கலிபோர்னியாவிலிருந்து கிளம்பி ஹவாய்த் தீவுகளுக்கு வந்தார்கள். ஹொனலூலுவை ஒட்டிய வைகீகிக் கரையில் லண்டன் அலையேறப் பழகினார். வெயிலில் தோல் வெந்து படுத்தும் கிடந்தார். அந்த அனுபவம் அதே ஆண்டில் ஒரு அமெரிக்கப் பெண்கள் பத்திரிகையில் கட்டுரையாக வந்தது. 1911இல் 'ஸ்னார்க்கின் பயணம்' நூலில் ஒரு அத்தியாயமாகச் சேர்ந்தது.

லண்டன் சாதாரண ஆள் இல்லை. சோசலிஸ்ட். 'இரும்புக் குதிகால்' நாவலை எழுதியவர். முதலாளியத்தின் பூட்ஸ் காலை அவ்வளவு துல்லியமாகப் பார்த்த கண், தன் காலடியில் இருந்த தீவை எப்படிப் பார்த்தது என்பதுதான் நமக்குக் கேள்வி.

அவருக்கு முன்னால், 1866இல், மார்க் ட்வைன் ஹவாய்க்கு வந்து பலகையில் ஏறிப் பார்த்து விழுந்து எழுந்தவர். இந்தக் கலை இந்த மண்ணின் ஆட்களுக்குத்தான் வசப்படும், வேறு யாருக்கும் வராது என்று எழுதிவிட்டுப் போனார். லண்டனோ அலைமேல் நின்று வரும் கருத்த உடம்பைக் கடவுளாக வர்ணிக்கிறார். உடனே வாசகனைப் பார்த்து, அவனால் முடிந்தால் உன்னாலும் முடியும் என்கிறார். 1866இல் முடியாதது 1907இல் எப்படி முடிந்தது? நடுவுல என்ன நடந்துச்சு?

நடந்தது இதுதான். 1893 ஜனவரியில் அமெரிக்கக் கப்பற்படையினர் கரையிறங்கி நிற்க, வெள்ளை வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் ராணி லிலியுஒகலானியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1897இல் இணைப்பை எதிர்த்து 21,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அப்போது ஹவாய்ப் பூர்வகுடிகளின் மொத்தத் தொகையே 40,000 அளவுதான். இருந்தும் 1898இல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது. 'உன்னாலும் முடியும்' என்ற வாக்கியத்துக்குப் பின்னால் இந்த இணைப்பு நிற்கிறது. நிலம் கைக்கு வந்தபிறகு அலையும் கைக்கு வர வேண்டியதுதானே.

இதோடு இன்னொரு கதையாடலும் சேர்ந்தே பிறந்தது. மிஷனரிகள் அலைச்சறுக்கை அழித்தார்கள், வெள்ளையர்கள் வந்து அதை உயிர்ப்பித்தார்கள் என்பது அது. முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. 1820இல் வந்திறங்கிய மிஷனரிகளில் ஒருவரான ஹைரம் பிங்ஹாம், அடக்கமும் உழைப்பும் பக்தியும் வளர்ந்ததால் இந்த ஆட்டம் குறைந்தது என்று 1847இல் பெருமையாகவே எழுதினார். நோயில் ஊர் ஊராகச் செத்துக்கொண்டிருந்ததை அவர் காரணமாகக் கொள்ளவில்லை. இரண்டாம் பாதி கட்டுக்கதை. 1885இல் ஹவாய் இளவரசர்கள் மூன்று பேர் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் ரெட்வுட் மரத்தில் பலகை செய்து அலையேறினார்கள். இளவரசி கையுலானியும் வைகீகியில் அலையேறியவள். சாகாத ஒன்றை உயிர்ப்பித்ததாகச் சொல்லிக்கொள்வது ஒருவகை உரிமைப் பத்திரம்.

லண்டனை இந்தப் பக்கம் இழுத்துவந்தவர் அலெக்சாண்டர் ஹ்யூம் ஃபோர்டு, பத்திரிகையாளர். 1908இல் 'அவுட்ரிகர் கனூ கிளப்' தொடங்கியவர். பெரும்பாலும் வெள்ளையர்களின் கிளப். கடலுக்குச் சொந்தக்காரர்கள் 1911இல் 'ஹுய் நலு' என்று தனிச் சங்கம் அமைத்தார்கள். அதிலிருந்து போன டியூக் கஹனமோக்குதான் 1912 ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர். லண்டன் கட்டுரையில் வரும் ஜார்ஜ் ஃப்ரீத்துக்கோ தாய்வழியில் ஹவாய் ரத்தம் உண்டு. பிரதியில் அவர் நிறம் வெயிலால் வந்த நிறமாகிவிடுகிறது. ஒரு சூரியனை வைத்து ஒரு வம்சத்தையே அழித்துவிட முடிகிறது, பாருங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். வைகீகி என்றால் நீர் பொங்கும் இடம் என்று பொருள். மலையிலிருந்து இறங்கிய ஓடைகள் கடலைத் தொடும் முன் கலோ வயல்களிலும் மீன்குளங்களிலும் நின்று போகும். கலோ வேறொன்றுமில்லை, நம்ம சேப்பங்கிழங்குதான். அவித்து இடித்துக் குழைத்தால் அது 'போய்', அவர்களின் அன்றாட உணவு. இறந்து பிறந்த ஹாலோவாவைப் புதைத்த இடத்தில் முளைத்தது கலோ, அவனுக்குத் தம்பியாகப் பிறந்தவன் மனிதன் என்பது அவர்கள் தொன்மம். கிழங்கு அண்ணன், தின்பவன் தம்பி. அண்ணனைப் பராமரித்தால் அவன் சோறு போடுவான்.

இந்த உறவை முதலில் உடைத்தது சட்டம். 1848 நிலப் பிரிவினை நிலத்தைத் தனிச்சொத்தாக்கியது. 1850இல் அந்நியர்களும் நிலம் வாங்கலாம் என்றாயிற்று. அப்புறம் கரும்பு, அன்னாசி. தோட்டங்களுக்குச் சீனர், ஜப்பானியர், போர்த்துகீசியர், பிலிப்பினோக்கள் கூலிகளாக வந்தார்கள். பிறகு விடுதிகள். 1901இல் மோவானா ஹோட்டல் வந்தது. 1921க்கும் 1928க்கும் இடையில் 'அலா வை' கால்வாய் வெட்டி, கொசு உற்பத்தியாகும் சதுப்பு என்று சொல்லி, வயல்களையும் வாத்துக் குளங்களையும் மேடாக்கினார்கள். ஓடை வேறு வழியில் போனது. பயணிகள் நடக்கும் தெருக்கள் அந்த வயல்மீதுதான் போடப்பட்டவை.

இன்று அங்கே பயணி தேடித் தின்னும் 'பிளேட் லஞ்ச்', இரண்டு கரண்டிச் சோறும் இறைச்சியும், தோட்டக் கூலிகளின் மதியச் சாப்பாட்டிலிருந்து வந்தது. ஸ்பாம் என்ற டப்பா இறைச்சி உலகப்போர்க் கால ராணுவத்தோடு வேரூன்றியது. தன் சோற்றைத் தானே விளைவித்த தீவுகள் இப்போது உணவில் 85 சதத்துக்கு மேல் கப்பலில் இறக்குகின்றன. உள்ளூர்ச் சுவை என்று தட்டில் வருவது ஒரு உழைப்பு வரலாறு. குறிப்பெழுதும் பயணிக்கு அது ருசி மட்டும்தான்.

ஹவாய் மக்களை வெறும் பலியாட்களாகப் பேசினால் நாமும் லண்டன் பக்கம் போய்விடுவோம். 1970களின் நடுவில் ஓவாஹுவின் வடகரையில், தங்கள் அலைகளைப் போட்டி நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்தபோது பூர்வகுடி இளைஞர்கள் சங்கம் கட்டித் தடுத்தார்கள். கரும்புக்காக மலைக்கு அப்பால் கடத்தப்பட்ட வையாஹோலே ஓடைத் தண்ணீர் வழக்கில், நீர் பொதுச் சொத்து என்று ஹவாய் உச்ச நீதிமன்றம் 2000இல் சொன்னது. ஒரு பகுதி தண்ணீர் ஓடைக்குத் திரும்பியது, கலோவும் திரும்பியது. ஹவாய்ப் பல்கலைக்கழகம் மூன்று கலோ ரகங்களுக்கு வாங்கிய காப்புரிமையை, அண்ணனுக்குப் பட்டா போடுவதா என்ற எதிர்ப்புக்குப் பணிந்து 2006இல் விட்டுக்கொடுத்தது.

பயணமே போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. லண்டனும் கெட்ட எண்ணத்தோடு போனவரில்லை. அவர் ரசித்தார், மனதார ரசித்தார். ரசனைக்குள்ளேயே அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் விஷயம். வர்க்கத்தைப் படித்தவருக்குக் காலனி தெரியாமல் போகலாம். இடதுசாரிகள் நாம் இதை நம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கடற்கரையைப் பற்றி எழுதும் முன் கேட்க வேண்டியவை ரொம்ப எளிமையான கேள்விகள்: இந்த இடத்தில் முன்பு என்ன விளைந்தது? அந்தத் தண்ணீர் இப்ப எங்க போகுது? விளைவித்தவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்?