தேவதையின் பாவாடை

பாலே என்றதும் வெள்ளைப் பாவாடையில் மிதக்கும் ஒரு பெண்ணுடல்தான் ஞாபகம் வருகிறது. ஆதியிலிருந்தே அப்படித்தான் என்பதுபோல ஒரு பாவனை. 18ஆம் நூற்றாண்டில் பாரீஸ் ஓபராவில் ஆடிய பெண்கள் அரசவைச் சீமாட்டிகளின் உடையைத்தான் மேடையிலும் சுமந்தார்கள்: இடுப்பைச் சுற்றி வளையக்கூடு, குதிகால் உயர்ந்த செருப்பு. மரீ சாலே 1734இல் லண்டனில் அந்தக் கூட்டைக் கழற்றிவிட்டு மஸ்லின் உடுத்தி, அவிழ்ந்த கூந்தலோடு ஆடினார். அது ஒரு கலகம்.

பிரெஞ்சுப் புரட்சியோடு வளையமும் குதிகாலும் தெருவிலேயே மதிப்பிழந்தன. தட்டையான சாட்டின் செருப்பு பெண்களின் மோஸ்தர் ஆனது. நுனிவிரலில் எழும்பும் வித்தை இந்தச் செருப்பில்தான் வளர்ந்தது. 1832இல் 'லா சில்ஃபீட்' ஆடிய மரீ தாக்லியோனி போட்டதும் இதே ரகம்தான். பக்கங்களில் நூலோட்டித் தைத்திருந்தது, அவ்வளவே. உடையும் அப்படித்தான். அன்றைய விருந்து கவுனின் உப்பிய கையைச் சுருக்கி, நிறத்தை உறிஞ்சிவிட்டால் அமானுஷ்யம் தயார்!

பிறகு தெரு கிரினோலினுக்குப் போயிற்று. மேடையோ மெல்துணியை விடவில்லை. சுற்றிலும் கேஸ் விளக்குகள். தீப்பிடிக்காதபடி மருந்தில் நனைத்த துணி அப்போதே இருந்தது. விறைக்கும், மங்கும் என்று எம்மா லிவ்ரி அதை மறுத்தார். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது அவர் பாவாடையில் தீப்பற்றியது. எட்டு மாதம் வதைபட்டு 1863 ஜூலையில் செத்துப்போனார். வயது 20. 'மறுத்தார்' என்று எழுதிவிட்டு வரலாறு கைகழுவிக்கொள்கிறது. மிதக்காத உடலுக்குக் கைதட்டல் கிடையாது என்று அந்தப் பெண்ணுக்குக் கற்பித்தது யாராம்? கருகி மிஞ்சிய துணி பாரீஸ் ஓபராவின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.