பல்லாவரத்துத் தொடக்கமும் வேளச்சேரித் தொடக்கமும்

தாம்பரத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். கோடம்பாக்கம் வருவதற்குள் பத்துக் கட்டுரை திருத்திவிடலாம். ஒரு பள்ளியின் இலக்கிய மன்றப் போட்டிக்கு வந்த கட்டு அன்று என் மடியில் இருந்தது. குரோம்பேட்டை தாண்டும்போதுதான் கவனித்தேன், ஒரு கட்டுரையிலும் முதல் பத்தியை நான் படித்திருக்கவில்லை. கண் தானாகவே இரண்டாம் பத்திக்குத் தாவியிருந்தது. ‘முன்னுரை’ என்று எழுதி, ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டு, அதன் கீழே தமிழின் தொன்மையைப் பற்றி மூன்று வரி. போட்டித் தலைப்பு முல்லைப்பாட்டு. அந்த மூன்று வரியை வெட்டித் திருக்குறள் கட்டுரையில் ஒட்டினாலும் உட்காரும். கொஞ்சம் தட்டிக்கொட்டினால் மழைநீர் சேகரிப்புக்கும் ஆகும்.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. குறிப்புச் சட்டகம் கொடுத்து, இதற்கு இத்தனை மார்க் என்று பழக்கியது நாங்கள்தான்.

அடுத்த நிலையம் பல்லாவரம். மறைமலையடிகள் 1911இல் குடிவந்து, 1950இல் மறையும்வரை இருந்த ஊர். முல்லைப்பாட்டுக்கு 1903இல் ஆராய்ச்சியுரை எழுதியவர் அவர். மாணவர்களின் முல்லைப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர் அந்த நூலை எப்படித் தொடங்கினார் என்று யோசித்துக்கொண்டே போனேன். கிண்டியில் இன்னொருவர் சேர்ந்துகொண்டார். அங்கே இறங்கிப் பஸ் பிடித்தால் வேளச்சேரி. அசோகமித்திரன் கடைசிக் காலத்தில் வாழ்ந்து, 2017 மார்ச்சில் மறைந்த இடம். ஒருவர் பிறந்தது நாகப்பட்டினம், மற்றவர் செகந்தராபாத். இருவரும் தென்சென்னைப் பக்கம் வந்து சேர்ந்தது தற்செயல். ஆனால் வாசகரை ஒரு இலக்கியக் கட்டுரைக்குள் எப்படி அழைத்துப்போவது என்று கேட்டால், இவர்களைப் போல எதிரெதிராகப் பதில் சொல்லும் இருவர் எனக்குத் தெரிந்து இந்த ரயில் பாதையில் இல்லை.

அடிகளின் உரையை இன்று ஒரு பதினோராம் வகுப்புப் பையனிடம் கொடுத்தால், “எப்ப சார் பாட்டுக்கு வருவாரு?” என்று கேட்பான். நப்பூதனாரின் பாட்டு 103 அடி, பத்துப்பாட்டிலேயே சின்னது. அந்தச் சின்ன வீட்டுக்கு அடிகள் பெரிய வாசல் வைத்திருக்கிறார். பாட்டென்றால் என்ன, உரைநடையிலிருந்து அது எங்கே பிரிகிறது, புலவன் இயற்கையைப் பார்க்கும் பார்வை எப்படிப்பட்டது என்ற பேச்சு முதலில் வருகிறது. எச்சத்தின் மேல் எச்சமாக அடுக்கிக்கொண்டு போகும் வாக்கியம் பயனிலையைத் தொடுவதற்குள் நமக்கு மூச்சு வாங்கும்.

அவர் எழுதிய காலத்து வாசகர் பாதியில் எழுந்து போகிறவர் இல்லை. அப்போது அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். எதிரில் இருப்பவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாணவன்; மணி அடிக்கும்வரை எங்கும் போக மாட்டான். (இங்கே ஒரு திருத்தம். தாம்பரத்தில் கல்லூரிக் காட்டைச் சுற்றிக் காட்டும்போது ஒரு மரத்தடியைக் காட்டி, அடிகள் இங்கேதான் பாடம் நடத்தினார் என்று என்னிடமே சொன்னவர் உண்டு. கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் வந்தது 1937இல். அடிகள் வேலையை விட்டது 1911இல். அவர் பாடம் சொன்னது பட்டணத்து வண்டிச் சத்தத்துக்கு நடுவில்.)

வாசல் பெரிது என்பதற்காக அது வீண் என்று நினைத்துவிடக் கூடாது. நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்து அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படித்தேன். பிறகுதான் பிடிபட்டது. பழைய உரைகாரரான நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டுக்கு உரை சொல்லும்போது, எங்கோ கிடக்கும் சொல்லை எடுத்து எங்கோ இருக்கும் சொல்லோடு கூட்டி, வரிகளைக் கலைத்துப் பொருள் கொள்கிறார். ‘மாட்டு’ என்று இலக்கணம் அதற்கு இடம் கொடுக்கிறது. மறைமலையடிகளுக்கு அது பொறுக்கவில்லை. பாட்டு ஓடும் போக்கிலேயே பொருள் கொள்ள வேண்டும் என்று மல்லுக்கு நிற்கிறார், தானே புது உரையும் எழுதுகிறார். இருபதுகளின் பிற்பாதியில் இருந்த ஒரு தமிழாசிரியர் நச்சினார்க்கினியரோடு மோத வேண்டுமென்றால் காலுக்கடியில் தரை கெட்டியாக இருக்க வேண்டும். அந்தத் தரைதான் முதல் பக்கங்கள். பாட்டு இயல்பாக எழுந்து ஓடுவது என்று அங்கே தலையாட்டிவிட்ட வாசகர், பின்னால் அதன் சொற்களைப் பிடுங்கி நடும் உரைகாரர் பக்கம் சாய முடியாது. தொடக்கத்தை எடுத்துவிட்டால் வழக்கே நிற்காது.

இன்னொன்று. பேச்சுவாக்கில் தொடங்கும் கலை அவருக்குத் தெரியாதது இல்லை. லண்டனில் 1711இல் ஸ்பெக்டேட்டர் இதழின் முதல் கட்டுரையை எழுதிய அடிசன், எழுதுகிறவன் கறுப்பா சிவப்பா, கல்யாணமானவனா என்று தெரியாமல் வாசகருக்குப் படிப்பு ருசிப்பதில்லை என்று கேலியாக ஆரம்பிக்கிறார். அந்த அடிசனின் கட்டுரைகளைத் தழுவி ‘சிந்தனைக் கட்டுரைகள்’ என்று 1908இல் தமிழில் கொண்டுவந்தவர் அடிகள்தான். பேச்சுவாக்கின் அந்தக் காப்பிக்கடை வாசல் அவர் பார்த்த வாசல். பார்த்த பிறகும் கோபுர வாசலை அவர் விடவில்லை. 1916க்குப் பிறகு தனித்தமிழில் இறங்கி, பழைய நூல்களை மறுபதிப்பில் வடசொல் நீக்கித் திருத்தியபோதும் வாக்கியத்தின் அந்த நடை குறையவில்லை. நாட்குறிப்பை மட்டும் அவர் ஆங்கிலத்தில் எழுதிவந்தார். அங்கே வாசலே தேவைப்படவில்லை போலும்.

அசோகமித்திரனுக்கு வருவோம். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் 2002இல் வந்தது. அதிலிருந்து எடுத்த ஒரு பகுதி என்சிஇஆர்டியின் 12ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இருக்கிறது. சேலையூரிலும் மேடவாக்கத்திலும் சிபிஎஸ்இ படிக்கும் பிள்ளைகள் தமிழ் எழுத்தாளரான அவரை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பாடம் கவிஞர்களைப் பற்றியது, தலைப்பிலேயே கவிஞர்கள் உண்டு. தொடங்குவதோ ஒரு மேக்கப் சாமானில். பேன்கேக் என்ற பூச்சு ஜெமினிக்கு லாரி லாரியாக வந்து இறங்கியது என்பதுதான் விஷயம். கிரெட்டா கார்போவில் ஆரம்பித்து யார் யார் பூசியிருப்பார்கள் என்று ஒரு சின்ன வம்பு. பிறகு மேக்கப் அறை. ராபர்ட் கிளைவின் குதிரை லாயம் என்று சொல்லப்பட்ட கட்டடத்து மாடி. கண்ணாடியைச் சுற்றி எல்லாக் கோணத்திலும் விளக்கு, உட்காருகிறவர் வெந்துபோவார்.

கவிஞர் எங்கே? அவரை அசோகமித்திரன் ஏற்கெனவே அறைக்குள் விட்டுவிட்டார், நமக்குத்தான் தெரியவில்லை. கூட்டக் காட்சி உள்ள நாட்களில் பெரிய பாத்திரத்தில் பூச்சைக் கலக்கிக் கும்பலின் முகத்தில் அப்பும் ஆபீஸ் பையன் ஒருவர் வருகிறார். பையன் என்று பெயர், வயது நாற்பதுக்கு மேல். நடிகராகவோ டைரக்டராகவோ பாட்டெழுதுகிறவராகவோ ஆகலாம் என்று வந்தவர். கொஞ்சம் கவிஞர். அவருடைய வயிற்றெரிச்சல் அதே ஸ்டூடியோவில் இருந்த கொத்தமங்கலம் சுப்புவிடம் கொண்டுபோய் விடுகிறது, அவரும் கவிஞர். அங்கிருந்து பேச்சு நகர்ந்து நகர்ந்து, ஸ்டூடியோவுக்கு வந்து யாருக்கும் புரியாமல் பேசிவிட்டுப் போன ஆங்கிலக் கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டரிடம் சேர்கிறது. வந்த மனிதருக்கும் ஸ்டூடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்ற முடிச்சு பல வருடம் கழித்து, மவுண்ட் ரோடு தபாலாபீஸ் எதிரே நடைபாதையில் ஐம்பது பைசாவுக்குக் குவித்துப்போட்ட ஒரு புத்தகத்தில் அவிழ்கிறது. கம்யூனிசத்தில் நம்பிக்கை வைத்து இழந்த ஆறு எழுத்தாளர்களின் கட்டுரைகள். அதில் ஒருவர் ஸ்பெண்டர்.

திரும்பிப் பார்த்தால் பூச்சில் தொடங்கியது ஏன் என்று புரிகிறது. எல்லோர் முகத்திலும் ஏதோ அப்பியிருக்கும் இடத்தில் கவிதை என்ன பாடுபடும் என்பதே அந்தக் கட்டுரை. அதை அவர் எங்கேயும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் வரியில் ஒரு டப்பாவைத் திறந்து வைத்ததோடு சரி.

ஆக, அடிகள் வீட்டுக்காரர் மாதிரி. தாம்பரம் பக்கத்தில் பல மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டுதான் சாவி தருவார்கள், அதுபோல. கொடுத்துவிட்டால் பிறகு தொந்தரவில்லை. அசோகமித்திரன் அட்வான்ஸ் கேட்பதில்லை. உள்ளே வந்து, பெட்டியை இறக்கி வைத்து, ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்கும்போதே கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது கடைசியில்தான் தெரியும். எனக்குச் சொந்தமாகப் பிடித்தது இரண்டாவது. ஆனால் ஒரு பழைய உரைகாரரை எதிர்த்து நான் எழுத நேர்ந்தால் முதலாவதைத்தான் எடுப்பேன். ஸ்டூடியோ வம்பில் ஆரம்பித்து நச்சினார்க்கினியரை அசைக்க முடியாது.

முன்னுரைக்குப் பழைய பெயர் பாயிரம். நன்னூல் அதற்கு விதி வகுத்தபோது ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, எல்லை, கேட்போர், பயன் உட்பட எட்டுச் செய்தி கேட்டது. தன்னைத் தானே புகழாதே என்றும் சொன்னது. அதனால் வாசலைப் பெரும்பாலும் வேறொருவர் கட்டிக் கொடுத்தார். நம் பள்ளிக்கூட முன்னுரை அந்த எட்டையும் விட்டுவிட்டுப் புகழ்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டது.

பத்திரிகைப் பக்கமும் பெரிதாக மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லை. அசோகமித்திரன் வழி சுலபம் என்று நினைத்து எழுதுகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு டீக்கடை, ஒரு பெரியவர், ஆவி பறக்கும் கிளாஸ், பெரியவர் சொன்ன ஒரு வார்த்தை; மூன்றாம் பத்தியில் புதுமைப்பித்தன். டீக்கடைக்கும் புதுமைப்பித்தனுக்கும் இடையில் பாலம் இல்லை. அந்தப் பெரியவரைக் கட்டுரை மறுபடி ஒருமுறைகூட நினைத்துப் பார்ப்பதில்லை. நானும் இரண்டு மூன்று டீக்கடை எழுதியிருக்கிறேன், அதனால் அதிகம் பேசும் யோக்கியதை எனக்கில்லை.

போட்டி முடிந்த பிறகு அந்தப் பள்ளியில் ஒரு சனிக்கிழமை வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். முல்லைப்பாட்டின் ஆரம்பக் காட்சியைச் சொன்னேன். மழை பெய்து நின்ற மாலை. போருக்குப் போன தலைவன் எப்போது வருவான் என்று அறிய, முதுபெண்டிர் நெல்லும் முல்லைப் பூவும் தூவி ஊர்ப்புறத்தில் விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். விரிச்சி என்றால் தற்செயலாகக் காதில் விழும் முதல் சொல், அதுவே நிமித்தம். குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓர் ஆய்மகள், தாயைத் தேடித் தவிக்கும் கட்டிப்போட்ட கன்றுக்கு, இதோ வந்துவிடுவார்கள் என்று ஆறுதல் சொல்கிறாள். அவளுக்குத் தலைவியும் தெரியாது, போரும் தெரியாது. அவள் பேசியது கன்றிடம். கேட்டவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். முதல் பத்தியை எப்படி எழுதுவது என்று கேட்டவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. திரும்ப எழுதிக் கொண்டுவாருங்கள் என்றேன்.

மாடம்பாக்கத்திலிருந்து வரும் ஒரு பெண். முதலில் தொன்மை மூன்று வரி எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. இப்போது அவள் பாட்டி பால் கறக்கும் நேரத்தில் தொடங்கியிருந்தாள். பாட்டி கறந்து முடிக்கும்வரை கன்றின் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்வது இவள் வேலை. கயிறு உள்ளங்கையை அறுக்கும், விட்டுவிடலாம் என்று தோன்றும், விட்டால் திட்டு விழும். மூன்றாவது வாக்கியத்தில் ஆய்மகள் வந்துவிட்டாள். ஆய்மகள் கன்றிடம் சொன்னது உண்மையா, சும்மா சமாதானமா என்று கேட்டு, பாட்டு முழுவதும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போயிருந்தாள். நடுவில் ஓரிடத்தில் ‘ஆறுதல் என்பது யாது’ என்று அடிகள் பாணியில் ஒரு பத்தியும் இருந்தது, அது அங்கே தேவையாகவும் இருந்தது.

கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தேன். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

“மேல ‘முன்னுரை’ன்னு போடணுமா சார்?”

“இதுக்கு வேணாம்மா. பரீட்சையில போட்டுடு.”

சரி என்று தலையாட்டிவிட்டு, ஸ்கேலை எடுத்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.